அணைக்கச் சொன்ன விளக்கு

வண்டியில் சத்தம் வந்தால் ஆட்கள் பயந்துபோய் நம்மிடம் வருவார்கள். விளக்கு எரிந்தால் எரிச்சல்பட்டு வருவார்கள். வேலைக்குச் சேர்ந்த கொஞ்ச நாளிலேயே நீங்களும் இதைக் கவனித்திருப்பீர்கள். சத்தத்தோடு வந்தவர், "என்னன்னு பாருங்க" என்பார். விளக்கோடு வந்தவர், "அதை அணைச்சு விடுங்க" என்பார். வண்டி நன்றாகத்தானே ஓடுகிறது, இந்தச் சின்னப் படம் மட்டும் எதற்குக் கண் முன்னால் சிவப்பாக நிற்கிறது என்று அவருக்குக் கோபம்.

விருதுநகர் பைபாஸில் எல்லாக் கம்பெனி வண்டிகளையும் பார்க்கிற ஒரு ஒர்க்ஷாப்பில் எலக்ட்ரீஷியனாக இருந்து ஓய்வு பெற்றவன் நான். வயரை எப்படிப் பிரிப்பது, ஸ்கேனரில் எந்தப் பக்கத்துக்குப் போவது என்றெல்லாம் நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அதில் உங்களுக்கு என்னைவிடக் கை வேகம் அதிகம். ஒரு விளக்கை அணைக்கச் சொல்லி நாலு பக்கமும் நெருக்கும்போது என்ன செய்வது என்பதுதான் கஷ்டம். அதற்கு என்னிடம் ஒரு வண்டியின் கதை இருக்கிறது.

தீபாவளிக்கு முந்தின சீசன். சிவகாசிப் பக்கத்து ரோடெல்லாம் லோடு லாரிகள். அப்படி ஒரு நாள் காலையில் தனலட்சுமி என்பவர் ஒரு வெள்ளைக் காரைக் கொண்டுவந்து நிறுத்தினார். எம். புதுப்பட்டி பக்கம் சின்னதாக ஒரு பட்டாசு ஆலை நடத்துகிற குடும்பம். கணவர் வெளியூர் ஆர்டர்களைப் பார்ப்பார். ஆலைக்குள் நடப்பதை இவர் பார்ப்பார். எப்போதும் பருத்திச் சேலைதான் கட்டியிருப்பார். வெடிமருந்து புழங்குகிற இடத்துக்குப் போகிறவர்கள் வேறு துணி கட்டக் கூடாது என்று ஆலையில் எல்லோரிடமும் கண்டிப்பாக இருப்பவர்.

"அண்ணாச்சி, இங்கன பாருங்க. ஒரு ஆளு உக்காந்து முன்னால பந்தை வச்சிருக்க மாதிரி ஒரு படம். சிவப்பா எரிஞ்சுக்கிட்டே இருக்கு" என்றார்.

"அது ஏர்பேக் விளக்கும்மா. எப்ப இருந்து எரியுது?"

"வாங்குனப்ப எரியல. இந்த வாரந்தான் ஆரம்பிச்சுச்சு. சிவகாசில ஒருத்தருகிட்டக் காட்டுனேன். கம்ப்யூட்டர மாட்டி அழிச்சுக் குடுத்தாரு. சாயங்காலமே திரும்ப வந்து உக்காந்துக்கிருச்சு. இன்னைக்கு எப்படியாச்சும் அணைச்சுக் குடுத்திருங்க. எனக்கு ஆலையில தலைக்கு மேல வேலை."

பழைய வண்டி என்பதால் யாரிடம் வாங்கியது என்று கேட்டேன்.

"எங்க அக்கா வீட்டு வண்டிதான். காரியாபட்டில அத்தான் மோட்டார் பம்பு கடை வச்சிருக்காக. அவுக புது வண்டி எடுத்தாக, இதை நான் வாங்கிக்கிட்டேன். எங்கனயும் இடிச்சது கிடையாது, ஒரு கீறல் கிடையாதுன்னு அத்தான் சொன்னாக. அவுக வாயில பொய் வராது."

வண்டி அவருக்கு இல்லை, மகளுக்கு. மகள் நித்யாவுக்கு மதுரையில் ஒரு ஆஸ்பத்திரியில் பிசியோதெரபி வேலை கிடைத்திருந்தது. அடுத்த வாரம் சேர வேண்டும். தினமும் நாலுவழிச் சாலையில் தானே ஓட்டிக்கொண்டு போய்வரப் போகிறாள். அதைச் சொல்லிவிட்டு, சாவியை என் கையில் கொடுத்துவிட்டு, ஆலை வேனில் ஏறிப் போய்விட்டார்.

ஏர்பேக் விளக்கு எரிந்தால் நாம் முதலில் சீட்டுக்கு அடியில் கையை விடுவோம். நானும் விட்டேன். அங்கே இருக்கிற மஞ்சள் கனெக்டர் சீட்டை முன்னே பின்னே தள்ளும்போது லூசாகிவிடும். ஒருமுறை ஒரு வாத்தியார் வண்டியில் சீட்டுக்கு அடியில் சாத்தூர் சேவு டப்பா ஒன்று மாட்டிக்கொண்டு, பிரேக் பிடிக்கிறபோதெல்லாம் அந்தக் கனெக்டரை இடித்துக்கொண்டிருந்தது. டப்பாவை எடுத்ததும் விளக்கு அணைந்துவிட்டது. அப்படி எளிதாக முடிகிற வேலைகள் நிறைய வரும். அதனால்தான் இந்த விளக்கை யாரும் பெரிதாக நினைப்பதில்லை. நாமும் நினைப்பதில்லை.

இந்த வண்டியில் கனெக்டர் உறுதியாக இருந்தது. கோளாறு டிரைவர் பக்கத்து ஏர்பேக்கில் என்று ஸ்கேனர் காட்டியது. அப்போது யோசிக்காமலேயே ஸ்டீயரிங் நடுவில் இருக்கிற மூடியைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தேன். அந்த மூடிக்குப் பின்னால் மடித்த பையும் அதை ஊதவைக்கிற மருந்துக் குப்பியும் இருக்க வேண்டும். அழுத்தினால் கெட்டியாக இருக்கும். இது தலையணை மாதிரி உள்ளே போய் வெளியே வந்தது. மறுபக்கம் போய் டேஷ்போர்டைப் பார்த்தேன். பக்கத்தில் உட்காருகிறவருக்கு ஏர்பேக் இருக்கிற இடத்தில், வெயில் படும்படி நின்று பார்த்தால், பிளந்ததை ஒட்டியது போல, மயிரிழையாக ஒரு பசைக் கோடு.

கையை எடுத்துவிட்டேன். எனக்கு ஒரு சந்தேகம் வந்துவிட்டது. ஆனால் அது சந்தேகம்தான்.

முதலாளியிடம் போய்ச் சொன்னேன். அவர் என்ன சொன்னார் என்பதை அப்படியே சொல்கிறேன், ஏனென்றால் நாளைக்கு உங்களிடமும் யாராவது அப்படியே சொல்வார்கள்.

"காரியாபட்டி பம்பு கடை ரத்தினவேல் அண்ணாச்சி வீட்டு வண்டியா? அவரு நமக்கு எம்புட்டு வண்டி அனுப்பிவிட்டவரு! அவரு குடுத்த வண்டியில போயி குத்தம் கண்டுபிடிக்கவா? ஒரு ரெசிஸ்டரை வச்சு விளக்கை அணைச்சுக் குடுத்திரு. சீசன் முடியட்டும், பொறவு பாத்துக்கலாம்."

ரெசிஸ்டர் வைப்பது என்றால், பை இருக்க வேண்டிய இடத்தில் ஒரு சின்னப் பொருளை மாட்டி, பை இருக்கிறது என்று வண்டியின் கம்ப்யூட்டரை நம்ப வைப்பது. விளக்கு அணைந்துவிடும். இடித்தால் எதுவும் விரியாது.

"அந்தப் பொண்ணு தெனமும் மதுரைக்குப் போகப் போகுது" என்றேன்.

"நீ வேலை பாக்கியா, பஞ்சாயத்து பண்ணுதியா? உன்னால முடியாதுன்னா சொல்லு, வேற ஆளை வச்சுச் செஞ்சுக்கிடுதேன்."

கார் சாவி என் சட்டைப் பையில் இருந்தது. நான் அதை எடுத்து மேஜையில் வைக்கவில்லை. அவரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் என்ன செய்திருப்பேன் என்று இப்போது பெருமையாகச் சொல்வது சுலபம், எனக்கு நிஜமாகத் தெரியாது. "வண்டிக்காரவுக முன்னால திறந்து காட்டிருதேன். அதுக்கப்புறம் அவுக சொல்றதச் செய்வோம்" என்று மட்டும் சொல்லிவிட்டு வெளியே வந்தேன்.

தனலட்சுமிக்குப் போன் அடித்தால் எடுக்கவில்லை. ஆலைக்குள் போகும்போது போனை வாசலில் கொடுத்துவிட்டுத்தான் போக வேண்டும், ஆலை முதலாளிக்கும் அதே விதிதான். ஆலை ஆபீசுக்குப் பேசினேன். போனை எடுத்தவரிடம், "வண்டியைத் திறந்து பாக்கணும். அவுக கூட இருந்து பாத்தா நல்லது, வரச் சொல்லுங்க" என்றேன். வேறு ஒரு வார்த்தை சேர்க்கவில்லை.

அதற்குள் எனக்குத் தெரியாமல் இன்னொரு போன் போயிருந்தது. முதலாளி நல்லது செய்வதாக நினைத்துக்கொண்டு ரத்தினவேலுவுக்குப் பேசியிருக்கிறார். "அண்ணாச்சி, நீங்க குடுத்த வண்டியில ஏர்பேக்கே இல்லைன்னு எங்க எலக்ட்ரீஷியன் சொல்றாரு" என்று. நான் அப்படிச் சொல்லவே இல்லை. மூடி அமுங்குகிறது என்றுதான் சொன்னேன். ஒருவர் வாயிலிருந்து இன்னொருவர் காதுக்குப் போவதற்குள் என் சந்தேகம் தீர்ப்பாகிவிட்டது.

மத்தியானம் சாப்பாட்டு நேரத்தில் ஒரு புதுக் கார் வேகமாக உள்ளே வந்தது. ரத்தினவேல் இறங்கினார். வெள்ளை வேட்டி, முழுக்கைச் சட்டை, வெயிலில் சிவந்த முகம். வண்டியை ஓட்டி வந்தவர் அவர் மகன் பிரபு. அப்பாவோடு சேர்ந்து பம்பு கடையைப் பார்க்கிற இளைஞர்.

"யாருய்யா எலக்ட்ரீஷியன்?" என்று கேட்டுக்கொண்டே வந்தார். "நீங்கதானா? நான் பையைக் கழட்டி வித்துட்டு வண்டியக் குடுத்தேன்னு சொன்னீகளாமே?"

"நான் அப்படிச் சொல்லல அண்ணாச்சி."

"பின்னே எப்படிச் சொன்னீக? முப்பது வருசமா கடை நடத்துதேன். ஒரு வாசரு மாத்திக் குடுத்தேன்னு எவனும் வந்து நின்னது கிடையாது. கொழுந்தியாளுக்குப் போயி ஓட்டை வண்டியக் குடுப்பேனா?"

ஆட்கள் கூடிவிட்டார்கள். முதலாளி அவர் பின்னால் நின்றுகொண்டு எனக்குக் கண்ணைக் காட்டினார். பேசாமல் பணிந்து போய்விடு என்று அர்த்தம்.

அந்த நேரத்தில் ஆலையின் லோடு வேன் வந்து நின்றது. டிரைவருக்குப் பக்கத்து சீட்டிலிருந்து தனலட்சுமி இறங்கினார். அத்தானை அங்கே பார்த்ததும் திகைத்துப்போனார்.

"தனம், என்னைய நீ நம்பலையா?" என்று கேட்டார் ரத்தினவேல். கோபத்தில் ஆரம்பித்து, முடிக்கும்போது குரல் கொஞ்சம் உடைந்தது.

"நான் ஒண்ணுமே சொல்லலையே அத்தான். வண்டியத் திறக்கப் போறோம், வாங்கன்னாக. வந்தேன். நீங்க எப்படி இங்கன?"

நான் நடுவில் புகுந்தேன். "அண்ணாச்சி, நான் பாத்தது இம்புட்டுத்தான். ஸ்டீயரிங் மூடி அமுங்குது. அமுங்கக் கூடாது. உள்ள என்ன இருக்குன்னு திறந்தாத்தான் தெரியும். நீங்க ரெண்டு பேரும் நிக்கும்போதே திறக்கேன். பை இருந்துச்சுன்னா இத்தனை பேருக்கு முன்னால உங்ககிட்ட மன்னிப்புக் கேட்டுக்கிடுதேன்."

"திறங்க" என்றார்.

பிரபு அப்பாவின் அருகில் வந்தார். "எதுக்குப்பா இதெல்லாம்? கடையில ஆளில்ல. சித்தி, நாளைக்கு நானே வண்டிய மதுரைக்குக் கொண்டுபோயி சரி பண்ணிட்டு வந்து தாரேன். இவுக திறந்து வேற எதையாச்சும் கெடுத்திரப் போறாக."

"நீ சும்மா இரு. என் பேரு இங்கன கெடக்கு" என்றார் ரத்தினவேல்.

பேட்டரியைக் கழற்றிவிட்டு நான் ஒதுங்கி நின்றேன். வண்டிக்குள் மிச்சமிருக்கிற மின்சாரம் இறங்க வேண்டும். பை இல்லை என்று நூறு சந்தேகம் இருந்தாலும், உள்ளே மருந்து இருக்கிறது என்று நினைத்துத்தான் திறக்க வேண்டும். அந்தக் குப்பி தப்பான நேரத்தில் வெடித்தால், குனிந்து நிற்கிறவன் முகத்தில்தான் வெடிக்கும்.

"இன்னும் எதுக்கு நிக்கீக? பயமா?" என்று கேட்டார் ரத்தினவேல்.

எனக்கு முன்னால் தனலட்சுமி பதில் சொன்னார். "அத்தான், உள்ள மருந்து இருக்கும். அவசரப்படுத்தாதீக. எல்லாரும் கொஞ்சம் தள்ளி நில்லுங்க." கூடியிருந்தவர்களைப் பார்த்து அவர் சொன்ன விதத்தில் முதலாளி உட்பட எல்லோரும் பின்னால் போனார்கள். தினமும் ஆலையில் சொல்கிற குரல் அது.

மூடியைத் திறந்தேன். உள்ளே பை இல்லை. குப்பியும் இல்லை. வெட்டித் திணித்த பச்சை ஸ்பாஞ்சு ஒரு துண்டு இருந்தது. அதற்குப் பின்னால் வயர் முனையில் கருப்பு டேப் சுற்றிய ரெசிஸ்டர். டேப் பிரிந்து ஒரு கால் தொங்கிக்கொண்டிருந்தது. காலையில் முதலாளி என்னை எதை வைக்கச் சொன்னாரோ, அதையே வேறு ஒருவர் முன்னமே வைத்திருக்கிறார். அது விட்டுப்போனதால்தான் விளக்கு எரிந்திருக்கிறது.

ஸ்பாஞ்சை எடுத்து சீட்டின் மேல் வைத்தேன்.

முதலாளிதான் முதலில் பேசினார். "நீங்க வாங்குறதுக்கு முன்னாலயே எவனோ செஞ்சிருப்பான் அண்ணாச்சி..."

"ஷோரூம்ல புதுசா எடுத்த வண்டி இது" என்றார் ரத்தினவேல். அவர் குரலில் இப்போது கோபம் இல்லை. "எனக்குத் தெரியாம எப்படி? சர்வீசுக்கு விட்ட இடத்துல எவனும் திருடிட்டானா?"

தனலட்சுமி என்னைப் பார்த்தார். "யாரு செஞ்சிருப்பா அண்ணாச்சி? உங்களுக்குத் தெரியும்ல?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். இந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள். வண்டியைத் திறப்பது கஷ்டமான வேலை இல்லை, இந்தக் கேள்விக்குப் பதில் சொல்வதுதான் கஷ்டம். அத்தனை பேர் நம் வாயைப் பார்க்கும்போது, தெரிந்தவன் மாதிரி ஏதாவது சொல்லிவிட வேண்டும் என்று ஒரு ஆசை வரும். என் மனதில் ஒரு பெயர் ஓடிக்கொண்டுதான் இருந்தது. ரத்தினவேல். இவ்வளவு சத்தம் போடுகிறாரே, மடியில் கனம் இல்லாமலா என்று நினைத்தேன். நினைத்ததைச் சொல்லவில்லை.

"எனக்குத் தெரியாதும்மா. பை இல்ல. இருக்க மாதிரி காட்ட ஒண்ணை மாட்டியிருக்காக. அது இப்பக் கழண்டுபோச்சு, அதனால விளக்கு எரியுது. பக்கத்து சீட்டுப் பையும் இல்லைன்னுதான் நினைக்கேன், திறந்து பாத்துத்தான் சொல்லணும். யாரு செஞ்சதுன்னு வண்டியில எழுதியிருக்காது."

ரத்தினவேல் குனிந்து அந்த ஸ்பாஞ்சை எடுத்தார். திருப்பிப் பார்த்தார். அதன் ஒரு பக்கம் தட்டையாக இல்லை. உருண்டையான ஏதோ ஒன்று உட்கார்ந்திருந்ததுபோல வளைவாகக் குழிந்திருந்தது. அந்த வளைவில் விரலை ஓட்டினார். எனக்கு அது வெறும் ஸ்பாஞ்சு. அவருக்கு அப்படி இல்லை.

"இது நம்ம மோட்டார் பெட்டியில வர்றது" என்றார், யாரிடமும் சொல்லாமல்.

பிறகு திரும்பி மகனைப் பார்த்தார். "ஏலே பிரபு."

பிரபு அதற்குள் முகம் வெளுத்துப்போய் நின்றிருந்தார். பொய் சொல்ல முயற்சி செய்யவில்லை. அதை நான் அவர் கணக்கில் வரவு வைக்கிறேன்.

"நீங்க திருச்செந்தூர் போயிருந்தீகல்லப்பா, அப்ப. மதுரையில லோடு எடுத்துட்டு வந்தேன். டிக்கியில ஒரு மோட்டார் பெட்டி. இருட்டுற நேரம். ரோட்டுல ஒரு டிராக்டர் டிரெய்லரு, பின்னால லைட்டே இல்லாம நின்னுச்சு. பக்கத்துல போன பொறவுதான் தெரிஞ்சுச்சு."

"கூட யாரு இருந்தா?"

பிரபு தனலட்சுமியை ஒருமுறை பார்த்தார்.

"கேக்கேன்ல?"

"அம்மா."

ரத்தினவேலுவின் கை அந்த ஸ்பாஞ்சை இறுக்கிக்கொண்டது. "அம்மாவுக்கு அடி பட்டுச்சா?"

"இல்லப்பா. பை விரிஞ்சிருச்சு. ரெண்டு பக்கமும். அம்மாவுக்குக் கன்னத்துல லேசா சிராய்ப்பு, அம்புட்டுத்தான்."

"முள்ளு கீறுனதுன்னுல்ல எங்கிட்டச் சொன்னா" என்றார். பக்கத்தில் கிடந்த பழைய டயரின் மேல் உட்கார்ந்துவிட்டார். வேட்டியில் கரி ஒட்டியதை அவர் கவனிக்கவில்லை.

மீதி துண்டு துண்டாக வந்தது. அப்பாவுக்குத் தெரிந்தால் இனி வண்டியைத் தொட விடமாட்டார் என்று பயந்து, அம்மாவும் மகனும் மறைத்திருக்கிறார்கள். அப்பா ஊர் திரும்புவதற்குள் மதுரையில் ஒரு பட்டறையில் முன்பக்கத்தைச் சரிசெய்திருக்கிறார்கள். புதுப் பை போட நாளாகும் என்று சொன்ன அந்த மெக்கானிக், விளக்கு எரியாமல் செய்து தருகிறேன், யாருக்கும் தெரியாது என்றிருக்கிறார். மூடி குழிந்து போகாமல் இருக்க உள்ளே வைக்க ஏதாவது கொடு என்று கேட்டிருக்கிறார். பிரபு டிக்கியில் இருந்த பெட்டியிலிருந்து எடுத்துக் கொடுத்திருக்கிறார்.

தனலட்சுமி பிரபுவுக்கு முன்னால் வந்து நின்றார். "பை மாட்டலைன்னு அக்காவுக்குத் தெரியுமா?"

"தெரியாது சித்தி. புதுசு மாட்டியாச்சுன்னு சொல்லிட்டேன்."

"நான் வண்டியப் பாக்க வந்தன்னைக்கு நீ அங்கனதான நின்ன?"

"ஆமா."

"நித்யாவுக்குன்னு தெரியும்ல?"

"தெரியும் சித்தி."

"உங்கம்மாவுக்குப் பை. என் மகளுக்கு ஸ்பாஞ்சா?"

சத்தம் போட்டுச் சொல்லவில்லை. ஒர்க்ஷாப்பில் அடுத்த வண்டியில் வேலை பார்த்துக்கொண்டிருந்தவர்கள்கூடக் கையை நிறுத்திவிட்டார்கள். பிரபு தலையைக் குனிந்துகொண்டார்.

ரத்தினவேல் டயரிலிருந்து எழுந்தார். "தனம், வண்டிய நான் திருப்பி எடுத்துக்கிடுதேன். நீ குடுத்ததைக் குடுத்திருதேன். இதோட விட்டுரு."

"வேண்டாம் அத்தான்."

"அப்புறம்?"

"நீங்க எடுத்துட்டுப் போயி என்ன செய்வீக? வீட்டுல ரெண்டு வண்டி எதுக்குன்னு விப்பீக. வாங்குறவன் எவனோ. அவன் வீட்டுலயும் ஒரு பிள்ளை உக்காந்து ஓட்டும். எங்க ஆலையில சரியில்லாத சரக்க அடுத்தவன் கைக்கு விட மாட்டோம். வண்டி எங்கிட்டயே இருக்கட்டும். உள்ள என்னென்ன இருந்துச்சோ அம்புட்டையும் திரும்ப மாட்டிக் குடுங்க. இவந்தான் கூட நின்னு மாட்டணும்."

பிரபுவைக் கையால் காட்டினார். பிறகு என்னிடம், "அதுவரைக்கும் அந்த விளக்கு எரியட்டும் அண்ணாச்சி" என்று சொல்லிவிட்டு வேனில் ஏறினார். ஆலையில் வேலை கிடந்தது.

அன்று முழுக்க முதலாளி என்னோடு பேசவில்லை. மறுநாள் டீ வாங்கிக் கொடுத்துவிட்டு, "நான் காலையில சொன்னது நமக்குள்ள இருக்கட்டும்" என்றார். அதனால்தான் அவர் பெயரைச் சொல்லாமல் சொல்கிறேன். அவர் கெட்டவர் இல்லை. ஆட்களைப் பகைத்துக்கொள்ளாமல் கடை நடத்த நினைக்கிறவர். மதுரையில் அந்த ரெசிஸ்டரை வைத்த மெக்கானிக்கும் அநேகமாக அப்படி ஒருவர்தான். வந்தவர் அவசரமாக இருந்தார், கேட்டார், செய்து கொடுத்தார். அடுத்து அந்தச் சீட்டில் யார் உட்காருவார் என்பது அவர் யோசனைக்குள் வரவே இல்லை. நம் தொழிலில் நடக்கிற பெரிய கெடுதல்கள் பலவும் இப்படி ஒருவர் மனம் கோணாமல் இருக்கச் செய்தவைதான்.

நான் அந்த ஒரு பெயரைச் சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று பிற்பாடு பலமுறை யோசித்திருக்கிறேன். ரத்தினவேல் பொய்யர் என்று அத்தனை பேருக்கு முன்னால் ஆகியிருக்கும். அவர் அந்த ஸ்பாஞ்சைக் கையில் எடுத்தே பார்த்திருக்க மாட்டார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு சண்டைக்கு நின்றிருப்பார். பிரபு தப்பித்திருப்பார். அக்கா தங்கை உறவு அந்த முற்றத்திலேயே அறுந்திருக்கும், அதுவும் செய்யாத குற்றத்துக்காக. நமக்குத் தெரிவது இரும்பும் வயரும். அதைத் தாண்டி ஒரு சொல் சொல்வதற்கு முன்னால் வாயைக் கட்டுவது நல்லது. பார்த்ததைச் சொல்லும்போது கூசவும் வேண்டாம். இரண்டும் ஒரே பழக்கத்தின் இரண்டு பக்கம்.

வண்டியைக் கம்பெனி சர்வீஸுக்கு அனுப்பினோம். சாமான்கள் வந்து சேரத் தீபாவளியும் கடந்துவிட்டது. நித்யா அதுவரை பஸ்ஸில்தான் மதுரைக்குப் போய்வந்தாள். பிரபு கடையை விட்டுவிட்டு அங்கேயும் இங்கேயும் அலைந்தார். பை, குப்பி, பெல்ட், டேஷ்போர்டு என்று ஒவ்வொன்றும் உள்ளே போகும்போது பக்கத்தில் நின்றார். எங்களோடு அதிகம் பேச மாட்டார். ஒருமுறை மட்டும் என்னிடம், "இனிமே நான் வண்டி ஓட்டலாமா அண்ணாச்சி?" என்று கேட்டார். "அதை எங்கிட்டக் கேட்டா எப்படி?" என்றேன். அவர் எதைக் கேட்டார் என்று புரிந்தது. பதில் சொல்ல நான் ஆள் இல்லை.

எல்லாம் முடிந்து எங்கள் ஒர்க்ஷாப்பில் ஒரு தடவை கடைசியாகச் சரிபார்த்துக் கொடுக்கச் சொல்லியிருந்தார்கள். மழை பெய்து ஓய்ந்திருந்த காலை. தனலட்சுமி வந்தார். காரியாபட்டியிலிருந்து ரத்தினவேல் வரவில்லை. பிரபுவும் அவர் அம்மா காந்திமதியும் வந்தார்கள். தனலட்சுமியைவிடக் கொஞ்சம் பருத்த உடம்பு, அதே மூக்கு. அன்றைய சண்டைக்குப் பிறகு அக்காவும் தங்கையும் நேரில் பார்ப்பது அதுதான் முதல் தடவை என்று பிரபு எனக்கு முன்னமே சொல்லியிருந்தார். இருவரும் ஒருவரை ஒருவர் வாங்க என்று கேட்டுக்கொள்ளக்கூட இல்லை.

நான் பார்த்துவிட்டேன், எல்லாம் சரியாக இருக்கிறது என்று சொல்லிச் சாவியை நீட்டினேன். தனலட்சுமி வாங்கிக்கொள்ளவில்லை.

"அவங்கிட்டக் குடுங்க. மொதல்ல அவன் ஓட்டட்டும். பைபாஸ் வரைக்கும் போயிட்டு வரட்டும். பக்கத்துல அவுக அம்மா உக்காரட்டும்" என்றார்.

பிரபு சாவியை வாங்கிக்கொண்டு டிரைவர் சீட்டில் உட்கார்ந்தார். காந்திமதி மறுபக்கம் ஏறினார். கதவைச் சாத்தாமல் அப்படியே உட்கார்ந்திருந்தார். தங்கையைப் பார்க்காமல், மடியில் இருந்த கைகளைப் பார்த்துக்கொண்டு பேசினார்.

"டிரெய்லர் மேல மோதுனதை மறைச்சது நெசம். பை இல்லைன்னு எனக்குத் தெரிஞ்சிருந்தா, உங்கிட்டக் குடுக்க விட்டிருப்பேனாடி?"

தனலட்சுமி கதவருகில் போய்க் குனிந்தார். அக்காவின் தோளுக்கு மேல் கையை விட்டு பெல்ட்டை இழுத்து, உடம்பைச் சுற்றிக் கொண்டுவந்து, மறுபக்கம் மாட்டினார். மாட்டியது இறுகியிருக்கிறதா என்று ஒருமுறை இழுத்துப் பார்த்தார். கதவைச் சாத்தினார்.

அவர் என் பக்கம் வந்து நிற்பார் என்று நினைத்தேன். வரவில்லை. பின்கதவைத் திறந்து அக்காவுக்குப் பின்னால் ஏறி உட்கார்ந்துகொண்டு, "எடுலே" என்றார்.